பிரவுசரை அப்டேட் செய்ததும் பக்கம் ஏன் கோணலாகிறது?

இணையப் பக்கம் உங்களுக்குப் படமாக வருவதில்லை. சமையல் குறிப்பாக வருகிறது. ஒவ்வொரு முறையும் அதைப் படித்துச் சமைப்பது பிரவுசர்தான். 'உப்பு தேவையான அளவு' என்ற வரிக்குப் பழைய சமையல்காரரின் கையளவு வேறு, புதியவரின் கையளவு வேறு. குறிப்பு மாறவில்லை, ருசி மாறிவிடுகிறது. அப்படியானால் தவறு அப்டேட்டில்தானே என்பீர்கள். எப்போதும் அப்படியில்லை. 2022இல் குரோமும் ஃபயர்பாக்ஸும் 100ஆம் பதிப்பைத் தொட்டன. பதிப்பு எண்ணில் முதல் இரண்டு இலக்கங்களை மட்டும் படிக்கும் தளங்கள் 100ஐ 10 என்று எடுத்துக்கொண்டு, மிகப் பழைய பிரவுசர் என்று நினைத்துவிடும் ஆபத்து இருந்தது. அங்கே பிழை, குறிப்பை எழுதியவரிடம்.

ஆகவே கோளாறு எங்கே என்று அறிய, கோணலான பக்கத்தை முதலில் இன்காக்னிட்டோ சாளரத்தில் திறந்து பாருங்கள். கேஷ் எனும் பழைய சேமிப்பு அங்கே எட்டிப் பார்க்காது. எக்ஸ்டென்ஷன்களும் பெரும்பாலும் ஓடாது. அங்கே சரியாகத் தெரிந்தால் கோளாறு பெரும்பாலும் அந்த இரண்டில் ஒன்றில்தான்: கேஷை அழியுங்கள், எக்ஸ்டென்ஷன்களை ஒவ்வொன்றாக நிறுத்துங்கள். அங்கேயும் எழுத்து சிதறி, கறுப்புக் கட்டங்கள் மின்னினால் ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷனை அணைத்துப் பாருங்கள். திரையில் படம் வரையும் சிப்பின் டிரைவரோடு புதிய பதிப்பு ஒத்துப்போகாமல் இருக்கலாம். பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாமே? வேண்டாம். பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதும் இதே அப்டேட்தான்.