தோட்டத்துப் பசளையும் வீட்டுக் கிணறும்

யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வெங்காயத்துக்கு இடும் யூரியா முழுவதையும் பயிர் உண்பதில்லை. எஞ்சிய நைதரசன் நைத்திரேற்றாக மாறி, இறைக்கும் நீரோடும் மாரி மழையோடும் கீழிறங்குகின்றது. அடியிலிருப்பது வெடிப்பு நிறைந்த சுண்ணாம்புக்கல். அது நைத்திரேற்றை வடித்து நிறுத்தாது. மலசலகூடக் குழியின் கசிவும் அங்கேயே சேரும். அந்நீரையே கிணற்றிலிருந்து மீண்டும் இறைக்கின்றோம், குடிக்கின்றோம். தோட்டம், குழி, கிணறு, அடுக்களை என நாம் பிரித்துப் பேசினாலும் நீருக்கு அவை ஒன்றே.

குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அதனை மிஞ்சிய கிணறுகள் இங்கு பல. அந்நீரிற் கரைத்த பால்மாவை உண்ணும் ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுவின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும், உடல் நீலம் பாரிக்கும், உயிருக்கும் ஆபத்து. கொதிக்க வைத்தாற் போதுமென்பர் பலர். கிருமி சாகும், நைத்திரேற்றோ நீர் வற்ற வற்றச் செறியும். தாய்ப்பாலே சிசுவுக்குக் காப்பு.

வைத்தியசாலை மட்டும் இதனைத் தீர்க்கமாட்டாது. மண்ணைப் பரிசோதிப்பித்து, வேண்டிய அளவு யூரியாவைப் பகுதி பகுதியாக இடுக. அயலவர் ஓர் அந்தர் போட்டார் என்று நாமும் போடுவது கணக்கன்று. இட்டவுடன் மிதமிஞ்சி இறைத்தால் பசளையும் நட்டம். மலசலகூடக் குழி நமது கிணற்றுக்கு எட்ட இருந்தாலும், வேலிக்கு அப்பால் அயலவர் கிணற்றுக்கு அண்மித்ததா என்று அளந்து பார்த்தே வெட்டுதல் வேண்டும்.