இரும்பு தூண்டும் உயிரணு மரணம்

சென்னைத் துறைமுகத்தில் குவிக்கப்பட்ட நிலக்கரி, இரும்புத்தாது ஆகியவற்றின் தூசு சுற்றுப்புற மக்களை வாட்டிவந்த நிலையில், அச்சரக்குகளை அங்கே கையாளக் கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் உத்தரவிட்டது. நிலக்கரி எண்ணூருக்கு இடம் மாறியது. அத்தூசிலும் இருந்த இரும்பு, உடலுக்குள் ஓர் உயிரணுவை எவ்வாறு கொல்லும் என்பதற்கான விளக்கம், அதற்கு அடுத்த ஆண்டில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிரென்ட் ஸ்டாக்வெல் குழுவினரிடமிருந்து வந்தது. அவர்கள் அவ்வகை உயிரணு மரணத்துக்கு ஃபெராப்டோசிஸ் என்று பெயரிட்டனர்.

வளர்ந்தவர் உடலில் உள்ள 3 முதல் 4 கிராம் இரும்பில் பெரும்பகுதி ஹீமோகுளோபினிலும், உபரி ஃபெரிட்டின் என்னும் சேமிப்புப் புரதத்திலும் அடங்கியிருக்கும். எதிலும் கட்டுண்ணாத சிறு பங்குதான் ஆபத்தானது. அது ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிந்து, எதையும் தாக்கவல்ல மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. 1894-இலேயே வேதியியலாளர் ஃபென்டன் விவரித்த வினை இது. அம்மூலக்கூறுகள் உயிரணுச் சவ்வின் நிறைவுறாக் கொழுப்புகளைத் தாக்க, ஒரு கொழுப்பு கெட்டதும் அது அடுத்ததைக் கெடுக்க, பழைய எண்ணெய் காறிப்போவதைப் போல அச்சங்கிலி பரவி, இறுதியில் சவ்வு கிழிகிறது. இதைத் தடுப்பது ஜிபிஎக்ஸ்4 என்னும் நொதி. செலினியம் கொண்ட அந்நொதி, குளுட்டாதையோனைச் செலவிட்டு, கெட்ட கொழுப்பை உடனுக்குடன் சீர்செய்கிறது. ஆகவே இரும்பு மிகுவதைவிட, இந்தச் சீரமைப்பு தோற்பதே மரணத்துக்கு நேரடிக் காரணம் எனலாம்.

சென்னை இராயபுரத்தை ஒட்டிய ஸ்டான்லி மருத்துவமனை போன்ற இடங்களில் நடைபெறும் உறுப்பு மாற்று அறுவைகளில், குருதியற்றிருந்த உறுப்புக்குள் மீண்டும் குருதி பாயும்போது நேரும் சேதத்தில் இம்மரணத்துக்குப் பங்குண்டு என்று விலங்காய்வுகள் காட்டுகின்றன. மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் அவ்வாறே. மருந்துக்கு மசியாத சில புற்றணுக்களோ ஜிபிஎக்ஸ்4-ஐயே பெரிதும் நம்பி வாழ்வதால், அங்கே இம்மரணத்தைத் தூண்டுவதே ஆய்வாளர்களின் நோக்கம்.

துறைமுகத் தூசைப் பொறுத்தவரை நிதானம் தேவை. தாதுவிலுள்ள இரும்பு ஆக்சைடு எளிதில் கரையாது. எரிபொருள் புகையின் நுண்துகள்களில் கரையும் இரும்பு உண்டு, அத்தகைய துகள்கள் ஆய்வகத்தில் நுரையீரல் உயிரணுக்களை இவ்வழியில் கொன்றிருக்கின்றன. எனினும் வடசென்னையின் திருவொற்றியூரில் ஒருவருக்கு வரும் மூச்சிரைப்புக்கு இதுவே காரணமென்று காட்டும் மருத்துவச் சோதனை இன்று இல்லை.

இரும்பை அகற்றினால் போதும் என்பதும் அவசர முடிவே. பார்க்கின்சன் நோயில் மூளையின் ஒரு பகுதியில் இரும்பு சேர்வதால், அதை வெளியேற்றும் டெஃபெரிப்ரோன் மருந்தை ஐரோப்பாவில் தொடக்கநிலை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். 2022-இல் வெளியான முடிவின்படி, இரும்பு குறைந்தது, நோயாளிகளின் நிலையோ வெற்று மாத்திரை பெற்றவர்களைவிட மோசமானது.