இணைய விண்ணப்பமும் இருமுனைக் கணக்கும்

கிராமத்து அடங்கலும் தாலுகா கச்சேரிக் கணக்கும் ஒவ்வாதிருந்தால் ஜமாபந்தியில் அதன் குற்றம் வெளிப்பட்டுவிடும் என்பதை நிலச்சுவான்தார்களும் கிராம அதிகாரிகளும் நன்கறிவார்கள். இக்காலத்தில் பட்டா நகலுக்கும், பயிர்க் காப்பீட்டுக்கும், வருஷம் 6,000 ரூபாய் அளிக்கும் பிரதம மந்திரி கிஸான் திட்டத்துக்கும் இணைய விண்ணப்பமே வழியாயிருக்கிறது. அவ்விண்ணப்பத்துக்கும் அதே நியாயம் பொருந்தும்.

விண்ணப்பத்துக்கு இரண்டு முனைகள் உண்டு. இ-சேவை மையத்திலோ கைப்பேசியிலோ நாம் எழுதும் பக்கத்தைக் காட்டுவது ப்ரௌசர். அதைப் பெற்றுக் கணக்கில் ஏற்றுவது ஸர்வர். ஆதார் எண்ணில் ஓர் இலக்கம் குறைந்தால் ப்ரௌசரே உடனே தடுப்பது நமக்கு வசதி. ஆயினும் அச்சோதனையை விலக்கிவிட்டு எவரும் ஸர்வருக்குத் தகவல் அனுப்பக் கூடும். ஆகையால் அதே சோதனையை ஸர்வர் மறுபடியும் செய்தல் வேண்டும். இரண்டிடத்தும் விதி ஒன்றாயிருத்தலும் அவசியம். வேறுபட்டால், இங்கே சரியென்று ஏற்றது அங்கே தள்ளுபடியாகும். குடியானவருக்குக் காரணமும் விளங்காது. தள்ளும்போது பிழையுள்ள கட்டத்தைச் சுட்டி, மற்றவற்றை எழுதியபடியே திருப்பித் தருவதே முறை.

நமது வட்டாரத்தில் பெரும்பாலும் நேரக்கூடிய பிழைகள் சில:

1. விஸ்தீரணம். பட்டாவில் 0-40.50 என்றிருப்பது 40.50 ஏர், அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கர். இதை ஹெக்டேர் கட்டத்தில் 40.50 என்று எழுதினால் நூறு ஏக்கராகிவிடும். 1 ஏக்கர் 5 செண்டை 1.05 என்று எழுத வேண்டும், 1.5 என்றால் 45 செண்டு கூடிவிடும். எண்ணுடன் அளவின் பெயரும் சேர்ந்தே செல்லுதல் நலம்.

2. வங்கிக் குறியீடு. ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டின் 11 இடங்களில் ஐந்தாவது இடம் எப்போதும் பூஜ்யம். ‘ஓ’ என்னும் ஆங்கில எழுத்தன்று.

3. பெயர். ‘கொ’ என்பதன் உயிர்க்குறியைக் கணினியில் ஒரே குறியாகவும், இரண்டு குறிகளாகவும் பதியலாம். கண்ணுக்கு ஒன்றாயினும் இரண்டையும் ஒரே வடிவமாக்காமல் ஒப்பிட்டால் ஸர்வர் வேறு பெயரென்றே கொள்ளும்.

4. ஜில்லாப் பட்டியல். அம்பத்தூர் தாலுகா 2018-இல் திருவள்ளூரிலிருந்து சென்னை ஜில்லாவுக்கு மாறியது; ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூரிலேயே உள்ளன. இத்தகைய மாறுதலை ஒரு முனையில் மட்டும் திருத்தினால் தாலுகா பொருந்தாமற் போகும். மனைப் பிரிவினையால் உட்பிரிவு எண்கள் பெருகும் இப்பக்கத்தில் சர்வே எண்ணுக்கும் இவ்வெச்சரிக்கை வேண்டும்.

வடிவம் சரியாயிருப்பதால் மட்டும் செய்தி உண்மையாகிவிடாது. 2020-ஆம் வருஷம் தமிழ்நாட்டில் கிஸான் திட்டத்தில் தகுதியற்ற லட்சக்கணக்கானோர் சேர்க்கப்பட்டது வெளிப்பட்டது. 110 கோடி ரூபாய் அளவில் பணம் சென்றிருந்தது. அலுவலகக் கடவுச்சொற்கள் தவறாக உபயோகிக்கப்பட்டதும் விசாரணையில் தெரிந்தது. கட்டங்கள் சரியாக நிரம்பியிருந்தும் நிலப் பதிவேட்டுடன் ஒப்பிடாவிடில் பயனில்லை என்பதற்கு இதுவே சான்று. கிராம அதிகாரிகள் தங்கள் கடவுச்சொல்லைக் கச்சேரி முத்திரைபோல் காத்தல் வேண்டும். பிறர் கையில் கொடுத்தலாகாது.

குடியானவர்கள் செய்யத்தக்கவை எளியவை. பட்டா, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றிலும் பெயர் ஒன்றாயிருக்கிறதா என்று முன்னதாகவே பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். அனுப்புமுன் திரையில் தெரிவதை ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். பதில் தாமதித்தால் பொத்தானை மறுபடி அழுத்தாதீர்கள். ஒரே விண்ணப்பம் இரண்டாகப் பதியக்கூடும். ஒப்புகை எண்ணைப் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள். பயிர் கெட்ட வருஷத்தில் நஷ்டஈடு உரியவர் கைக்கு வந்து சேர்வது, விதைப்பின்போது இவ்விதம் சரியாக எழுதிய கணக்கைப் பொறுத்ததேயாகும்.