தோற்றவர்களின் உழைப்பு: பாட்டுப் படமும் பத்திரிகைப் போட்டியும்

1990களின் நடுவில் ஒரு நாளிதழின் சினிமா மலரில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். ஒரு பாட்டுப் படம் வெளியாக இருந்தது. படத்தின் விநியோகஸ்தரும் எங்கள் விளம்பரப் பிரிவும் பேசி ஒரு போட்டி வைத்தார்கள். கேள்வி மூன்று: இசை யார், கதாநாயகி யார், உங்களுக்குப் பிடித்த பாட்டு எது, ஏன்? விடைகள் மூன்றும், மூன்றாவதன் 'ஏன்' நீங்கலாக, அதே பக்கத்து விளம்பரத்திலேயே இருந்தன. பத்து நாளில் கோணிப்பையில் வந்து இறங்கின அஞ்சலட்டைகள். நான் ஒவ்வொன்றாகப் படிக்க உட்கார்ந்தேன். மேலே இருந்தவர் சிரித்தார். "தம்பி, எல்லாத்தையும் படிச்சா விடிஞ்சிரும். கைய விட்டு பத்து எடு, போதும்." எடுத்தேன். மிச்சம் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போனது.

அந்தக் கோணிப்பையை வைத்துத்தான் இந்தக் கட்டுரை. படத்தை வாசிக்கிறோம், பாட்டைக் கட்டுடைக்கிறோம், நட்சத்திர பிம்பத்தின் அரசியலைப் பேசுகிறோம். படத்துக்கும் பார்வையாளருக்கும் நடுவே கிடக்கும் இந்தத் துண்டுச்சீட்டுக் காரியங்களை அற்பமென்று தாண்டிவிடுகிறோம். அற்பமானவை என்று ஒதுக்கப்படும் இடங்களில்தான் அதிகாரம் சாவகாசமாக வேலை செய்கிறது.

இதன் வரலாறு நம்மூரில் தொடங்கவில்லை. 1912இல் அமெரிக்காவில் எடிசன் கம்பெனி, பெண்கள் பத்திரிகை ஒன்றோடு சேர்ந்து 'வாட் ஹேப்பண்ட் டு மேரி' என்ற தொடரை வெளியிட்டது. கதை பத்திரிகையில், காட்சி திரையில். அடுத்து மேரிக்கு என்ன ஆகும் என்று சரியாகச் சொல்பவருக்கு 100 டாலர். 1914இல் 'தி மில்லியன் டாலர் மிஸ்டரி' வந்தபோது பரிசு 10,000 டாலர். கதையை ஓட்டியது 'சிகாகோ ட்ரிப்யூன்'. படம் பார்ப்பவர் பத்திரிகை வாங்க வேண்டும், பத்திரிகை படிப்பவர் படம் பார்க்க வேண்டும். இரண்டு கடைக்கும் ஒரே வாசல்.

பேசும்படம் வந்து, பாட்டுப் படங்கள் பெருகியபோது இந்த வாசல் ஒரு தொழிற்சாலையாகவே ஆகிவிட்டது. ஸ்டூடியோக்கள் ஒவ்வொரு படத்துக்கும் 'பிரஸ்புக்' என்ற பெரிய அளவுப் புத்தகத்தைத் தியேட்டர்காரர்களுக்கு அனுப்பின. அதில் விளம்பரப் படங்கள் இருக்கும். பத்திரிகை ஆசிரியர் தன் பெயரில் போட்டுக்கொள்ளத் தோதாக, படம் வருவதற்கு முன்பே எழுதி முடித்த 'செய்தி'களும் 'விமர்சன'ங்களும் இருக்கும். மூன்றாவது பகுதியில் போட்டிகள்: நட்சத்திரத்தின் கோட்டுப்படத்துக்கு வண்ணம் தீட்டு, கலைந்த எழுத்துகளை அடுக்கிப் பெயரைக் கண்டுபிடி, கண்ணை மட்டும் பார்த்து ஆளைச் சொல், கதாநாயகி சாயலில் உங்கள் ஊரில் யார் என்று புகைப்படம் அனுப்பு. பத்திரிகைக்காரருக்குச் சிரமமே வேண்டாம். காய்ச்சிய ஈயத்தை ஊற்றினால் அச்சுக்கட்டையாகிவிடும் காகிதக்கூழ் வார்ப்பும் கிடைக்கும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். விளம்பரமாகப் போட்டால் அங்குலத்துக்குக் காசு. போட்டியாகப் போட்டால் அது 'வாசகர் பகுதி', காசில்லை. ஒரு வாரத்துக்கு நாளுக்கொரு துண்டாக நீட்டினால் ஒரு வாரம் படத்தின் பெயர் இலவசமாக அச்சில் வரும். பரிசோ பெரும்பாலும் அதே படத்துக்கான இலவசச் சீட்டு. எப்படியும் காலியாக இருக்கப்போகும் நாற்காலி. கூப்பனைக் கத்தரிக்க வேண்டும் என்பதால் பத்திரிகை கூடுதலாக விற்கும். எல்லாருக்கும் லாபம். உட்கார்ந்து வண்ணம் தீட்டி, எழுதி, தபால் தலை ஒட்டிப் போட்டவரின் உழைப்பு மட்டும் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை.

சரி, எல்லாப் படத்துக்கும்தானே போட்டி வைத்தார்கள், பாட்டுப் படத்துக்கு மட்டும் என்ன விசேஷம் என்று கேட்கலாம். 1933க்குப் போவோம். அமெரிக்காவில் தொழிலாளர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. வார்னர் பிரதர்ஸ் முந்தின வருஷம் மட்டும் சுமார் 1 கோடியே 40 லட்சம் டாலர் நஷ்டப்பட்டிருந்தது. அந்தக் கம்பெனி '42ஆம் தெரு' என்ற பாட்டுப் படத்தை எடுத்தது. இயக்கம் லாய்ட் பேகன். நடன அமைப்பு பஸ்பி பெர்க்லி. படத்தை விற்க, ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியோடு கூட்டு வைத்து, தங்க, வெள்ளி நிறம் பூசிய ஒரு ரயிலையே ஓட்டினார்கள். நட்சத்திரங்களும் கோரஸ் பெண்களும் ஏறிக்கொள்ள, மின்சாரச் சமையலறைச் சாமான்களையும் காட்சிக்கு வைத்துக்கொண்டு, ஊர் ஊராக நின்று, ரூஸ்வெல்ட் பதவியேற்ற மார்ச் 4 அன்று வாஷிங்டனில் இருந்தது அந்த ரயில். ரூஸ்வெல்ட்டின் 'புதிய ஒப்பந்தம்' என்ற அரசியல் வாசகத்தையே கேளிக்கைக்கான விளம்பர வாசகமாக மாற்றிப் போட்டார்கள். நாடெங்கும் வங்கிகள் மூடிக்கிடந்த அதே வாரத்தில், மார்ச் 9 அன்று, நியூயார்க்கில் படம் வெளியானது.

படத்தின் கதை என்ன? நாடகம் அரங்கேறும் தறுவாயில் நட்சத்திரத்தின் கால் முறிகிறது. கோரஸ் வரிசையில் நின்ற புதுப்பெண் ஒருத்தி அந்த இடத்துக்கு ஏறி வெற்றி பெறுகிறாள். வரிசையில் ஒருத்தி 'தேர்ந்தெடுக்கப்படுகிறாள்'. பத்திரிகைப் போட்டியின் கதையாடலும் இதுதான்! 'உங்கள் ஊரில் யார்?' என்ற கேள்வி திரைக்கதையின் நீட்சி. பாட்டுப் படம் போட்டியை விளம்பரமாக வெளியே ஒட்டிக்கொள்ளவில்லை. தன் வயிற்றிலேயே சுமந்து வந்தது.

பெர்க்லியின் நடனங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முகங்கள் வரிசையாக வரும், கால்கள் வடிவங்களாகும், உடல்கள் பூவாக விரிந்து சக்கரமாகச் சுழலும். ஒருத்தியை எடுத்துவிட்டு இன்னொருத்தியை வைத்தால் வித்தியாசம் தெரியாது. இந்தப் படங்களுக்கு முன்பே, 1927இல், ஜெர்மன் நாளிதழ் ஒன்றில் சீக்ஃபிரீட் கிராகவர் எழுதிய 'வெகுசன அலங்காரம்' என்ற கட்டுரை, மேடையில் அணிவகுத்து ஆடும் பெண்களின் அசைவில் தொழிற்சாலையின் உற்பத்தி ஒழுங்கைக் கண்டது. நான் அதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அலங்காரம் எல்லாரையும் ஒன்றுபோலாக்குகிறது. போட்டி, அப்படி ஒன்றுபோலாக்கப்பட்டவர்களிடம் வந்து 'நீ மட்டும் வேற' என்று காதில் சொல்கிறது. ஒன்றில்லாமல் மற்றது நடக்காது.

அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் 1940களில் 'கலாச்சாரத் தொழில்' பற்றி எழுதும்போது இந்த அதிர்ஷ்டக் கணக்கைத் தொட்டார்கள். ஒருத்திக்கு விழும் பரிசு, விழாத மற்றவர்களைத் தங்கள் இடத்தோடு சமாதானப்படுத்துகிறது என்ற பொருளில் வாதிட்டார்கள். பரிசு பெற்றவள் கதையையும் பாருங்கள். 1921இல் புரூக்ளினின் ஏழைக் குடும்பத்துப் பெண் கிளாரா போ ஒரு சினிமாப் பத்திரிகைப் போட்டியில் ஜெயித்தாள். கிடைத்த முதல் படத்தில் அவள் நடித்த காட்சிகளை வெட்டிவிட்டுத்தான் வெளியிட்டார்கள். பிறகு அவள் பெரிய நட்சத்திரமானது வேறு கதை.

தங்க ரயில் ஓடிய அதே 1933 மார்ச்சில் ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் எட்டு வாரத்துக்குச் சம்பளத்தில் பாதிவரை வெட்டின. அந்த வருஷமே திரைக்கதை எழுதுபவர்களும் நடிகர்களும் தனித்தனியாகச் சங்கம் அமைத்தார்கள். வரிசையில் நின்றவர்கள் 'நான் மட்டும்' என்பதை விட்டு 'நாம்' என்று பேசத் தொடங்கிய இடம் அது. போட்டிக்கு எதிர்ச்சொல் தோல்வி இல்லை, சங்கம்.

தமிழுக்கு வந்தால் எஸ்.எஸ். வாசனைத் தவிர்க்க முடியாது. 1928இல் 'ஆனந்த விகட'னை வாங்கிய அவர், குறுக்கெழுத்துப் போட்டிகளால் அதன் விற்பனையைக் கூட்டியவர். அதே மனிதர்தான் பிறகு ஜெமினி ஸ்டூடியோவைத் தொடங்கி, 1948இல் 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தை, அதுவரை இந்த நாடு காணாத விளம்பரத்தோடு, இந்தியா முழுக்கக் கொண்டுபோனவர். கூப்பனும் கூட்டநடனமும் ஒரே வணிக மூளையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அரசும் சும்மா இருக்கவில்லை. 1955இன் பரிசுப் போட்டிகள் சட்டம் மாதத்துக்கு 1000 ரூபாய்க்கு மேல் பரிசு கொடுக்கும் புதிர்ப் போட்டிகளைத் தடுத்தது. 1957இல் உச்சநீதிமன்றம் திறமையையும் சூதையும் பிரித்துப் பேசியது. பின்னாளில், சாதாரண அட்டை 50 பைசாவாக இருந்தபோது, போட்டிகளுக்கென்று 10 ரூபாய்க்குத் தனி அஞ்சலட்டை விற்றது அஞ்சல் துறை. சூது கூடாது என்று ஒரு கை எழுதியது. இன்னொரு கை சில்லறை வாங்கியது.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை, முதலில் எனக்கே. 'ஏமாளி ஜனங்கள்' என்று முடித்துவிட்டால் நமக்கு வசதி. நான் படித்த வரைக்கும் அந்த அட்டைகளில் ஏமாளிகள் இல்லை. பரிசு விழாது என்று அவர்களுக்கும் தெரியும். 'ஏன் பிடித்தது' என்ற கேள்விக்கு இரண்டு வரி போதும். இண்டு இடுக்கு விடாமல் எழுதியிருந்தார்கள். தீப்பெட்டி ஒட்டும்போது ரேடியோவில் கேட்ட பாட்டு என்று ஒருவர். கல்யாணமாகிப் போன அக்கா பாடுவாள் என்று ஒருவர். 'பரிசு வேண்டாம், என் பேரை மட்டும் பேப்பரில் போடுங்கள், அம்மாவிடம் காட்டணும்' என்று ஒரு பையன். தங்களிடம் ஒருவரும் கேட்காத கேள்வியை யாரோ கேட்டுவிட்டதாக நினைத்து பதில் எழுதியிருக்கிறார்கள். கேட்டவர்களுக்கோ பதில் தேவைப்படவில்லை. கத்தரித்த கூப்பன் போதுமாக இருந்தது.

இதுதான் எனக்கு உறுத்துகிறது. இலவச விளம்பரம்கூட அப்புறம்தான். பேச விரும்பியவர்களின் பேச்சை வரவழைத்து, படிக்காமலேயே எடைக்குப் போட்ட ஒரு ஏற்பாடு அது. அதில் என் கையும் இருந்தது. வெகுசனப் பத்திரிகையைத் திட்டும் நாமும், வாசகர் கடிதங்களை என்ன செய்கிறோம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. நமக்கு வருபவை கோணிப்பை கணக்கில் இல்லை, பத்தோ பதினைந்தோதான். அவற்றையாவது முழுதாகப் படிக்கலாம்.

அந்தப் பையன் பெயர் அந்தப் பத்தில் வரவில்லை. நான்தான் எடுத்தேன், எனக்குத் தெரியும்.