வாழை அசுவினியும் முடிக்கொத்து வியாதியும்

கீழ்ப்பழனி மலைகளில் விளையும் விருபாட்சி வாழை, பழனிப் பஞ்சாமிர்தத்திற்கு உகந்ததென்று பெயர்பெற்றது. 2008-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. இதன் சாகுபடியைப் பெரிதும் குறுகச் செய்தது முடிக்கொத்து வியாதியாகும். வியாதி கண்ட மரத்தின் இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நெருங்கி நிற்கும். காம்பிலும் நரம்புகளிலும் கரும்பச்சைப் புள்ளிகளும் கோடுகளும் தோன்றும். இளமையில் பற்றினால் மரம் குலை தள்ளாது. பற்றிய மரத்தைக் குணப்படுத்தும் மருந்து இல்லை.

இவ்வியாதி ஒருவகை வைரஸால் உண்டாவது. அதை மரத்திற்கு மரம் கொண்டுசெல்வது செடிப்பேன் என்றும் வழங்கும் அசுவினிப்பூச்சி. கடுகளவேயான இப்பூச்சி, மண்ணை ஒட்டிய மட்டைகளின் இடுக்கிலும், விரியாத குருத்திலும், பக்கக்கன்றுகளிலும் கும்பலாக அடைந்து சாற்றை உறிஞ்சும். ஆண் சேர்க்கையின்றியே பெண் பூச்சிகள் குஞ்சுகளை ஈனுமாதலால் கும்பல் விரைவில் பெருகும். அது கழிக்கும் இனிப்பு நீரை நாடி எறும்புகள் வரும். ஆகவே வாழையடியில் எறும்புச்சாரி கண்டால் மட்டையை விலக்கிப் பார்த்தல் நலம்.

நெருக்கம் மிகும்போது இறகுள்ள பூச்சிகள் தோன்றிப் பறக்கும். ஆயினும் அவை பெரும்பாலும் நெடுந்தொலைவு செல்வதில்லை. ஆஸ்திரேலியத் தோட்டங்களில் ஆராய்ந்தபோது, புதிதாக வியாதி கண்ட மரங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, பழைய வியாதி மரத்திற்கு 20 மீட்டருக்குள்ளேயே இருந்தன. அவ்வாறாயின் வியாதி கடலையும் மலையையும் கடப்பது எங்ஙனம்? நடவுக்கன்றின் மூலமாகவே. 1913-இல் ஃபீஜித் தீவுக் கன்றுகளுடன் ஆஸ்திரேலியாவில் புகுந்த இவ்வியாதி, 1920-களின் நடுவில் அங்கே பல வாழைத் தோட்டங்களைப் பாழாக்கியது. வியாதியுள்ள தாய்மரத்தின் கன்று, பார்வைக்குச் சுத்தமாயிருப்பினும், உள்ளே வியாதியைச் சுமந்திருக்கக் கூடும்.

வியாதி மரத்தைக் கண்டவுடன் வெட்டிச் சாய்ப்பது பலரும் செய்வது. இதனால் நன்மையினும் தீமையே அதிகம். அசைவுற்ற அசுவினிகள் கலைந்து அண்டை மரங்களை அடையும். ஆதலின் முதலில் தக்க மருந்தைக் குருத்திலும் அடிமட்டைகளிலும் தெளித்துப் பூச்சியை மடியச் செய்தல் வேண்டும். பின்னரே மரத்தைக் கிழங்கோடும் பக்கக்கன்றுகளோடும் தோண்டி எடுத்து அழித்தல் வேண்டும். கிழங்கில் சிறிது எஞ்சினும் அது துளிர்த்து மீண்டும் வியாதிக்கு இருப்பிடமாகும்.

நடவுக்கு வியாதியற்ற தோட்டத்துக் கன்றுகளையோ, வைரஸ் பரிசோதனை செய்த திசு வளர்ப்புக் கன்றுகளையோ கொள்க. ஒருவர் தோட்டத்தில் விட்டுவைத்த வியாதி மரம் அண்டையார் தோட்டத்திற்கும் கேடாகுமாதலால், மலைத்தோட்டக்காரர் யாவரும் ஒருங்கே இம்முறையைக் கையாளுவதே பயன் தரும்.