எத்தனை மணி நேரம் பிசகு? கணினிக் கடிகாரத்தின் கோளாறை அதன் அளவே சொல்லும்

மத்தியானம் தாண்டி வானம் இருட்டிக்கொண்டு வந்தால், மலேசியாவின் பேராக் மாநிலத்து ஆயர் தாவார் வீடுகளில் பிளக்குகளைப் பிடுங்கத் தொடங்கிவிடுவார்கள். தொலைக்காட்சி, மோடம், கணினி எல்லாவற்றுக்கும் மின்சாரம் துண்டிக்கப்படும். பேராக் உட்படத் தீபகற்பத்தின் மேற்குக் கரை முழுவதும் இடி மின்னலுக்குப் பேர் போனது. ஒரு முறை மோடம் கருகிய வீட்டில் இந்தப் பழக்கம் தலைமுறைக்கும் நிற்கும். நல்ல பழக்கம்தான். ஆனால் சில ஆண்டுகள் ஓடிய மேசைக் கணினியை மறுநாள் காலையில் திறந்தால், அது திடீரென்று 2009 அல்லது 2015 என்று தேதி காட்டக்கூடும்.

தேதி தவறினால் என்ன கெட்டுவிடும் என்று தோன்றலாம். முதலில் கெடுவது இணையம். வங்கியின் பக்கமோ பள்ளியின் பக்கமோ, பாதுகாப்பான ஒவ்வொரு தளமும் ஒரு சான்றிதழைக் காட்டித்தான் உள்ளே விடுகிறது. அந்தச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. 2009-இல் இருப்பதாக நம்பும் கணினிக்கு, இந்த ஆண்டு வழங்கப்பட்ட சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. ‘இணைப்பு பாதுகாப்பானதல்ல’ என்று அது கதவை அடைத்துவிடும். வீட்டில் இருப்பவர்களோ இணையம்தான் பழுது என்று மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

அணைந்திருக்கும் கணினி தேதியை எப்படி நினைவில் வைக்கிறது? 1981-இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட முதல் பிசியில் பேட்டரியில் ஓடும் கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தேதி என்ன, மணி என்ன என்று அது கேட்கும்; ஆள்தான் தட்டச்சு செய்ய வேண்டும். 1984-இல் வந்த ஏடி வகைக் கணினியில்தான் அந்தக் கடிகாரம் சேர்ந்தது. இன்றுவரை அடிப்படை மாறவில்லை. நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு குவார்ட்ஸ் படிகம். அந்த எண்ணிக்கையைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக நொடிக்கு ஒரு துடிப்பு. அதற்கு உயிர் கொடுப்பது மதர்போர்டில் செருகியிருக்கும் சிஆர்2032 என்ற நாணய அளவு லித்தியம் பேட்டரி: குறுக்களவு 20 மில்லிமீட்டர், 3 வோல்ட்.

கணினி அணைந்திருந்தாலும் பிளக் செருகியிருக்கும்வரை, சுவரிலிருந்து கசியும் சிறு மின்சாரமே அந்தக் கடிகாரத்தை ஓட்டும். பிளக்கைப் பிடுங்கியதும் சுமை முழுவதும் பேட்டரியின் மேல் விழுகிறது. தினமும் மழைக்குப் பிடுங்கும் வீட்டிலும், ஆண்டிறுதி விடுமுறைக்கு மின்சாரத்தை மொத்தமாக அடைத்துவிட்டுப் போகும் பள்ளிக் கணினி அறையிலும் பேட்டரி சீக்கிரம் ஓய்வதற்குக் காரணம் இதுதான்.

எல்லாப் பிசகுக்கும் பேட்டரியே காரணம் என்று சொல்லிவிட முடியாது. கைபேசியைப் பக்கத்தில் வைத்து, கணினி எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்தால் பாதி மர்மம் அங்கேயே அவிழும்.

ஆண்டுக் கணக்கில் பின்னால் போயிருந்தால் பேட்டரி. திறக்கும்போது எஃப்1 விசையை அழுத்தச் சொல்லிக் கணினி நின்றால் அது இன்னும் உறுதி. சில நொடிகளோ நிமிடங்களோ பிசகினால் பெரும்பாலும் பேட்டரி நன்றாக இருக்கிறது, இணையத்தோடு நேரம் சரிபார்ப்பதுதான் நடக்கவில்லை. சாதாரணப் படிகம் நாளுக்கு ஒன்றிரண்டு நொடி தவறும். கேட்பாரில்லாமல் விட்டால் மாதத்தில் ஒரு நிமிடத்தை நெருங்கிவிடும்.

சரியாக எட்டு மணி நேரம் என்றால், பெரும்பாலும் ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருக்கும். மதர்போர்டுக் கடிகாரத்தில் விண்டோஸ் மலேசிய நேரத்தை எழுதுகிறது. லினக்ஸோ வழக்கமாக உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. இரண்டுக்கும் இடைவெளி எட்டு மணி. சரியாக இரண்டரை மணி நேரம் பின்தங்கியிருந்தால், அந்த மடிக்கணினி சென்னையிலிருந்து வந்ததா என்று விசாரிக்கலாம். இந்திய நேரம் உலக நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால். அமைப்பில் நேர மண்டலத்தைக் கோல்கத்தா, சென்னை என்றே விட்டிருப்பார்கள்.

அரை மணி நேரப் பிசகுக்குப் பின்னால் இந்த மண்ணின் கதையே இருக்கிறது. 1941 செப்டம்பர் 1 முதல் மலாயாவின் நேரம் உலக நேரத்துக்கு ஏழரை மணி முன்னால் இருந்தது. ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரம், அதாவது ஒன்பது மணி. போர் முடிந்ததும் மீண்டும் ஏழரை. பிறகு 1981 டிசம்பர் 31 இரவு பதினொன்றரை மணிக்குக் கடிகாரங்கள் அரை மணி முன்னே தள்ளப்பட்டன. 1982 அப்போதே பிறந்தது. சபா, சரவாக் மாநிலங்களோடு நாடு முழுவதும் ஒரே நேரமானது. பால்மரத் தோட்டங்களில் விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு எழுந்தவர்களுக்குக் கடிகாரப்படி விடியல் அரை மணி தள்ளிப்போனது.

அந்த அரை மணி இன்றும் கணினிக்குள் வேலை செய்கிறது. போர் முடிந்த பின், 1982-க்கு முன் தீபகற்பத்தில் பிறந்தவருக்குக் கணினியில் ஜாதகம் கணிக்கும்போது எட்டு மணிக் கணக்கைக் கொடுத்தால் லக்னம் ஏறத்தாழ ஏழெட்டு பாகை விலகும்; ராசியின் எல்லையில் பிறந்தவருக்கு லக்னமே மாறலாம். பிறந்த ஆண்டைப் பார்த்து ஏழரையா எட்டா என்று முடிவு செய்ய வேண்டும்.

பேட்டரியும் புதிது, நேர மண்டலமும் சரி, ஆனாலும் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் நேரம் தவறுகிறதா? அப்படியானால் கணினி எழும் வரிசையைப் பார்க்க வேண்டும். இணையம் வழியாக நேரம் பரிமாறும் என்டிபி முறையை உருவாக்கியவர் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டேவிட் மில்ஸ். 1985-இல் அதன் முதல் விவரக்குறிப்பு வெளியானது. கேள்வி போன நேரம், பதில் வந்த நேரம் இரண்டையும் வைத்து வழியில் ஆன தாமதத்தையும் கழித்துக் கணினி தன்னைத் திருத்திக்கொள்ளும். மலேசியாவின் அதிகாரபூர்வ நேரத்தைச் சிப்பாங்கில் உள்ள தேசிய அளவியல் கழகம் அணுக் கடிகாரங்களைக் கொண்டு காக்கிறது.

ஆனால் நேரம் கேட்கும் நிரல் எழும்போது வைஃபை இன்னும் இணைந்திருக்காது. கேட்டுப் பார்த்து, பதில் இல்லாமல் ஓய்ந்துவிடும். சில அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் என்டிபி பயன்படுத்தும் 123-ஆம் எண் வழியையே பாதுகாப்புச் சுவர் அடைத்திருக்கும். இன்னொரு சிக்கல் பலருக்குத் தெரியாது: பிசகு மிகப் பெரிதானால் கணினி திருத்திக்கொள்ளவே மறுக்கும். தனித்து இயங்கும் விண்டோஸ் கணினியில் வழக்கமான எல்லை பதினைந்து மணி நேரம். லினக்ஸின் பழைய என்டிபி நிரலுக்கு ஆயிரம் நொடி. ஆகவே 2009 காட்டும் கணினி தானாகச் சரியாகும் என்று காத்திருப்பதில் பயனில்லை. முதலில் தேதியைக் கையால் திருத்த வேண்டும்.

மாணவர்கள் பழகும் ராஸ்ப்பெரி பை பலகைகளில் 2023-இல் வந்த ஐந்தாம் பதிப்புக்கு முன் இந்தக் கடிகாரமே கிடையாது. இணையம் கிடைக்கும்வரை, கடைசியாக அணைத்த நேரத்திலிருந்தே அவை எண்ணிக்கொண்டிருக்கும்; அது பழுது அல்ல.

வீட்டில் செய்ய வேண்டிய சோதனை எளிது. நேர மண்டலம் கோலாலம்பூர் என்று இருக்கிறதா என்று பாருங்கள். தேதியையும் மணியையும் கையால் சரிசெய்யுங்கள். இணையம் இணைந்த பிறகு, விண்டோஸின் தேதி அமைப்பில் உள்ள ‘சிங்க் நவ்’ பொத்தானை அழுத்துங்கள். பிறகு கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஓர் இரவு விடுங்கள். காலையில் இணையத்தை இணைக்காமல் திறந்து பாருங்கள். நேரம் பின்னால் போயிருந்தால் பேட்டரியை மாற்ற வேண்டியதுதான்; சில ரிங்கிட்டில் கிடைக்கும். நேரம் சரியாக இருந்தால் பேட்டரியைத் தொட வேண்டாம், இணையம் சரிபார்க்கும் வரிசையை ஆராயுங்கள்.

மாற்றியெடுத்த பழைய பேட்டரியை மேசைமேல் வைத்துவிடாதீர்கள். அதைக் குழந்தை விழுங்கி உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான புண் உண்டாகும். உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். எடுத்த கையோடு அதன்மேல் டேப் சுற்றி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.