மூலிகைச் சாறும் கிருமிகளும்

கிரான்பர்னிலுள்ள அரச தாவரவியற் பூங்கா 363 ஹெக்டேயர் பரப்புடையது. 2006ஆம் ஆண்டு அங்கு திறந்து வைக்கப்பட்ட அவுஸ்திரேலியத் தோட்டத்துக்குச் செல்லும் எம்மவர்கள், யூக்கலிப்டஸ் இலையொன்றைக் கசக்கி முகர்ந்ததும் இது எங்களுடைய நீலகிரித் தைலமல்லவா என்று வியப்பதுண்டு. (பூங்காவில் இலை பறித்தல் ஆகாது, கீழே கிடப்பதே போதும்.) உண்மையில், எம்முடையது என்று நாம் எண்ணியிருந்த அந்த வாசனை இந்த மண்ணுக்கே உரியது. 1843இல் நீலகிரியில் நடப்பட்ட அவுஸ்திரேலிய மரமே பின்னாளில் அம்மலையின் பெயரைத் தன் தைலத்துக்குச் சூட்டிக்கொண்டது.

அத்தைலத்தின் வணிக வரலாறும் எமக்கு அயலிலேயே தொடங்கிற்று. ஜோசப் பொசிஸ்டோ என்ற மருந்தாளர், தாவரவியலறிஞர் பேர்டினன்ட் வொன் முல்லரின் ஊக்கத்துடன், 1850களின் முற்பகுதியில் டண்டினோங் ஓடைப் பகுதியில் யூக்கலிப்டஸ் இலைகளைக் காய்ச்சி வடிக்கலானார். வட நியூ சவுத் வேல்ஸில் பன்ஜலங் பழங்குடியினர் புண்களுக்கு இட்டுவந்த தேயிலை மரம் எனப்படும் வேறொரு மரத்தின் எண்ணெயை (எமது மலையகத் தேயிலைக்கும் இதற்கும் உறவில்லை) 1920களில் சிட்னியில் ஆர்தர் பென்போல்ட் சோதித்து, கிருமிகளை அழிப்பதில் அது காபோலிக் அமிலத்தைவிட 11 மடங்கு வலியது என அறிவித்தார். இன்று அவ்வெண்ணெயில் டேர்ப்பினன்-4-ஓல் என்ற பொருள் 35 சதவீதத்துக்குக் குறையலாகாது எனச் சர்வதேசத் தரவிதி வரையறுக்கின்றது. பழங்குடியினரின் அறிவு இவ்வாறு அளவும் தரமும் பெற்று மருந்தாயிற்று.

வேம்பு, மஞ்சள், துளசி, தூதுவளை ஆகியவற்றைப் பற்றி நாம் பேசும்போது இந்த அளவும் தரமுமே பெரும்பாலும் விடுபட்டுப் போகின்றன. 'வேப்பிலைச் சாறு கிருமியைக் கொல்லும் என விஞ்ஞானிகள் நிரூபித்துள்ளனர்' என்ற செய்தி எம்மிடையே அடிக்கடி உலவுகின்றது. அது பொய்யன்று, ஆயினும் எதை நிரூபித்தனர் என்று கேட்டல் வேண்டும். ஏகார்க் கூழ் பரப்பிய தட்டில் பற்றீரியாவை வளரவிட்டு, சாற்றில் தோய்த்த சிறிய காகித வில்லையை அதன்மீது வைப்பார்கள். மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வெற்று வட்டம் தோன்றினால் அதன் விட்டத்தை மில்லிமீற்றரில் அளந்து குறிப்பார்கள். ஆய்வு காட்டுவது இவ்வளவே. தட்டிலே குடல் இல்லை, ஈரல் இல்லை, குருதியோட்டம் இல்லை. விழுங்கிய மஞ்சளின் குர்குமின் குருதியில் மிகச் சொற்பமாகவே கலக்கின்றது. மேலும், உப்புக் கரைசலுங்கூடப் போதிய செறிவிருந்தால் தட்டிலே கிருமியை அடக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஆய்வுகூடத்துச் சாறு பெரும்பாலும் மெதனோலிலோ எதனோலிலோ ஊறவைத்து எடுத்தது. எமது பாட்டிமார் எட்டொன்றாக வற்றக் காய்ச்சிய கசாயமோ நீரில் இறங்கியது. ஒரே இலையிலிருந்து இவ்விரண்டும் பிரித்தெடுக்கும் பொருட்கள் வெவ்வேறு. மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினினைக் கண்டறிந்து 2015இல் நோபல் பரிசு பெற்ற சீனத்து து யூயூ அம்மையாரின் கதை இதற்குச் சான்றாகும். நான்காம் நூற்றாண்டுச் சீன வைத்திய நூலொன்று அம்மூலிகையைக் காய்ச்சச் சொல்லவில்லை, நீரில் ஊறவைத்துப் பிழியச் சொல்கின்றது என்பதைக் கவனித்த அவர், வெப்பம் மருந்தைச் சிதைக்கின்றதோ என ஐயுற்றுக் குறைந்த வெப்பநிலையில் ஈதரைக் கொண்டு சாற்றைப் பிரித்தெடுத்தார். பழைய ஏடு பொய்க்கவில்லை. ஆனால் அதைச் சொல்லுக்குச் சொல் ஊன்றிப் படித்தல் வேண்டியிருந்தது.

இது வெறும் ஏட்டு விவகாரமன்று. மலேசியாவில் சிறு உபாதைகளுக்கு வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட இந்திய வம்சாவளிக் கைக்குழந்தைகள் வாந்தி, மயக்கம், வலிப்புடன் மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டு வைத்தியசாலைகளில் சேர்க்கப்பட்டதை 1981இல் லான்செட் மருத்துவ சஞ்சிகை வெளியிட்டது. புகட்டியவர்கள் அன்பினாலேயே புகட்டினர். மெல்பேர்ண் அரச சிறுவர் வைத்தியசாலையில் 1981 முதல் 1992 வரை யூக்கலிப்டஸ் எண்ணெய் நச்சுப் பாதிப்புடன் அனுமதிக்கப்பட்ட குழந்தைகள் 109 பேர். தடிமனுக்கு ஆவி பிடிக்கவென நிலத்தில் வைத்த கருவியிலிருந்து அதைக் குடித்தவர் பலர். கிருமியைக் கொல்வது குழந்தையையும் தாக்கும், இரண்டும் உயிர்தானே.

ஆறு மாதக் குழந்தைக்கு ஓமத்திரவம் கொடுக்கலாமா, நீரிழிவுக்காரரின் காற்புண்ணுக்கு மஞ்சட்பற்று இடலாமா என்று எம்மிடம் கேட்போரிற் சிலருக்கு மெடிகெயார் அட்டை இல்லை என்பதையும், கட்டணத்துக்கு அஞ்சியே அவர்கள் கைவைத்தியத்தை நாடுகின்றனர் என்பதையும் நாம் அறிவோம். நீரிழிவுக்காரரின் புண்ணில் ஒரு வாரத் தாமதம் காலையே இழக்கச் செய்யக்கூடும். விக்டோரியா மாநிலத்துப் பொது வைத்தியசாலைகளில் மெடிகெயார் இல்லாத புகலிடக் கோரிக்கையாளருக்கும் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கப்படுகின்றது; அம்புலன்சுக்கும் இது பொருந்தும். எண்ணெயோ மூலிகையோ குழந்தையின் வயிற்றுக்குள் போய்விட்டதென்றால் வாந்தியெடுக்க வைக்க முயலாமல், நச்சுத் தகவல் நிலையத்தை 13 11 26 என்ற இலக்கத்தில் அழையுங்கள். குழந்தை மயங்கியிருந்தாலோ வலிப்புக் கண்டாலோ உடனே 000. ஆங்கிலம் தடையெனில் 131 450 என்ற இலக்கத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார். போத்தலைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதன் சுட்டி தமிழில் மட்டும் இருந்தாலும் பரவாயில்லை.